பாண்டு இல்லாத ஊர்வலம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு நடத்திவந்த ஷபீ அஹமதுவுக்குக் கோபம் வரக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. ஆள் எதிரில் நின்றால் போதும். ஆனாலும் அவருக்குப் பயந்தவர் என்று ஊரில் ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. சுண்ணாம்புக் குழியில் நிற்கிற ஆளைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்துவார், கத்தி முடித்த மூச்சிலேயே "சாப்ட்டியா?" என்று கேட்டுவிடுவார். அப்புறம் அந்தக் கத்தலுக்கு என்ன மரியாதை மிஞ்சும்? வீட்டில் நசீமுன்னிசா, கணவர் குரல் உயர்ந்ததும் வெற்றிலை மடிக்க உட்கார்ந்துவிடுவார். மடித்து வாயில் போடுவதற்குள் எல்லாம் ஓய்ந்திருக்கும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஓர் ஆள் முன்னால் மட்டும் அப்படியே குழைந்துபோவார். அந்த ஆள் புதுச்சேரி அந்துவான். பாண்டு செட் வைத்திருந்தவர். கிளாரினெட், கார்னெட், சின்ன டிரம் எல்லாம் வாசிக்க ஆட்கள் உண்டு. பெரிய டிரம்மை மட்டும் அந்துவான் யாருக்கும் தரமாட்டார், தன் வயிற்றின் மேலேயே மாட்டிக்கொள்வார். வயிறும் அதற்கேற்ற வயிறுதான். சாயபுமார் வீட்டு நிக்காஹ், மாதா கோயில் தேர், கெங்கையம்மன் திருவிழா என்று வருஷத்துக்கு ஒரு முறை புறப்பட்டு வந்தால் வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று சுற்றிவிட்டுத்தான் ஊர் திரும்புவார்.

இருவருக்கும் சிநேகம் ஷபீ அஹமதுவின் மகள் வஜீதா பிறந்த அன்று தொடங்கியது. யாரோ ஒருவர் வீட்டு மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு பாண்டு அவர் தெருவில் வந்துகொண்டிருந்தது. வாசலில் முகம் வெளிறிப்போய் நின்ற ஷபீ அஹமதுவை அந்துவான் பார்த்தார். உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண் முனகுவதும் காதில் விழுந்திருக்க வேண்டும். கையைத் தூக்கி வாசிப்பை நிறுத்திவிட்டார். கல்யாண வீட்டார் திட்டினார்கள், குதிரை மேலிருந்த மாப்பிள்ளை முறைத்தான், அந்துவான் அசையவில்லை. குழந்தை வீறிட்ட சத்தம் கேட்ட பிறகுதான் மறுபடி டிரம்மில் கை வைத்தார். "பாய், இந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நான்தான் வாசிப்பேன், வேற எவனையும் கூப்பிட்றாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அவர் வந்தால் தங்குவது ஷபீ அஹமதுவின் தோட்டத்து வீட்டில்தான். வஜீதாவுக்கு அவர் அந்துவான் சாச்சா, சித்தப்பா முறை.

இந்த அந்துவான் யார்? பேசினால் நம்முடைய தமிழ், சாப்பிட்டால் நம்முடைய சோறு. ஆனால் வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் கிழித்துவைத்திருந்த கோட்டின்படி அவர் பிரெஞ்சுப் பிரஜை, அந்நிய தேசத்தான். முன்பெல்லாம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு இங்கிலீஷ் போலீசுக்கு ஆகாதவர்கள் எல்லோரும் புதுச்சேரிக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டார்கள் என்று சொல்லி, அங்கிருந்து பிழைக்க வருகிற வாத்தியக்காரன்கூடப் பர்மிட் வாங்கித்தான் வரவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். எந்த ஊர், யார் வீட்டுக் கல்யாணம், கையில் என்ன வாத்தியம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். இறங்கிய ஊரில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் முகம் காட்ட வேண்டும். கிளாரினெட்டைத் தூக்கி அதன் குழலுக்குள் ஒரு கண்ணை விட்டுப் பார்த்த கான்ஸ்டபிள்களும் உண்டு. உள்ளே என்ன தெரிந்ததோ அவருக்கே வெளிச்சம்.

இத்தனைக்கும் ஈடுகொடுத்து அந்துவான் வந்துகொண்டுதான் இருந்தார். வினையை இழுத்துவிட்டது ஷபீ அஹமதுவின் அன்பு.

வஜீதா கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஊர் திரும்புவதற்கு முன்னால் வாசித்த கடைசி ஊர்வலத்தில் பெரிய டிரம்மின் தோல் கிழிந்தது. அந்துவான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, புதுச்சேரியில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஷபீ அஹமதுவுக்கு மானம் போய்விட்டது.

"தோல் ஊருக்கு வந்துட்டு ஒரு மனுஷன் கிழிஞ்ச தோலோட திரும்பிப் போறதா? நாலு பேர் கேட்டா இன்னான்னு சொல்லுவாங்க? எங்க மூஞ்சில துப்ப மாட்டாங்க?"

அன்றைக்கே தோல் பொறுக்கினார். ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த இருதயராஜ் எடுத்துக் காட்டிய தோல்களை எல்லாம் தள்ளிவிட்டுத் தானே குவியலுக்குள் புகுந்து தேடினார். ஆவாரம்பட்டையில் போட்டுப் பதனிட்ட தோல் டிரம்முக்கு உதவாது, சத்தம் அமுங்கிப்போகும். மயிர் நீக்கிச் சதை சீவிப் பதனிடாமலே இழுத்துக் கட்டிக் காயவைத்த கச்சாத்தோல்தான் அதற்கு வேண்டும். கீறல் இல்லை, உண்ணிக் கடி இல்லை, ஓரம் முதல் நடு வரை ஒரே கனம். அப்படி ஒரு தோலைப் பூட்டி முடித்து, விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, ஷபீ அஹமது ஒரு காரியம் செய்தார். தன் ஷாப்பின் முத்திரையை எடுத்துவரச் சொல்லி, டிரம்மின் ஓரத்தில் அழுத்திப் பதித்தார். பிறையும் அதன் கீழ் ஒரு சாவியும். பேர் கிடையாது, அந்த வட்டாரத்துத் தோல் வியாபாரிகளுக்கு முத்திரையைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியும்.

உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு காரியம் செய்திருக்க மாட்டார்கள். தோல்காரனுக்கு நல்ல தோலைக் கண்டால் கை சும்மா இருக்காது, முத்திரை போட்டால்தான் மனசு ஆறும்.

அந்துவான் டிரம்மோடு ஊருக்குப் போனார். அடுத்த வருஷம் வஜீதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பேரணாம்பட்டு. தேதி குறித்த கையோடு ஷபீ அஹமது புதுச்சேரிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். போன ஆள் கொண்டுவந்த பதில் இது: அந்துவான் இந்த வருஷம் வருவதற்கில்லை, வேறு யாரையாவது வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அவ்வளவுதான் பதில். காரணம் இல்லை.

ஷபீ அஹமது கத்தியதில் நசீமுன்னிசா மடித்த வெற்றிலை தீர்ந்தே போனது. "பெரிய மனுஷன் ஆயிட்டான்! எந்த மகாராஜா ஊட்ல வாசிக்கப் போறானோ! என் பொண்ணு பொறந்தப்போ சொன்ன வார்த்தையை இவன் மறந்துட்டான் பாத்தியா?" என்றார். அப்புறம், "உடம்பு கிடம்பு சரியில்லையோ இன்னாவோ" என்றார்.

விஷயம் தெரிந்தது இருதயராஜ் மூலமாகத்தான். புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் மாதா திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போனவர், தேருக்கு முன்னால் அந்துவான் வாசிப்பதைப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்கிறார். ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஷாப்புக்கு வந்தார்.

"மொதலாளி, போன வருஷம் எல்லையில டிரம்மைப் பிடிச்சிட்டாங்களாம். சுங்கத்துக்காரன் முத்திரையைப் பாத்துட்டு, இது இங்கிலீஷ் ஊர்த் தோலாச்சே, வரி கட்டாம கச்சாத்தோலைக் கடத்திட்டுப் போறியான்னு கேட்டிருக்கான். யாரோட முத்திரை, சொன்னா உன்னை விட்டுடறேன், அந்த ஆளை நாங்க பாத்துக்கறோம்னு சொல்லியிருக்கான்."

"சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்லலை மொதலாளி. தெரியாதுன்னுட்டாராம். பகலெல்லாம் உக்கார வெச்சுக் கேட்டும் வாயைத் தொறக்கலை. தோலை அறுத்து எடுத்துக்கிட்டு, இனிமே உனக்குப் பர்மிட்டே கெடையாதுன்னு எழுதிட்டாங்களாம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. மாதா மேல இல்ல, சும்மா வாய் வார்த்தைதான். அதான் சொல்லிட்டேன்."

ஷபீ அஹமது கத்தவில்லை. அவர் கத்தும்போது வராத பயம் அப்போது இருதயராஜுக்கு வந்தது. பெரிய மனுஷன் ஆயிட்டான் என்று தான் சொன்ன வார்த்தை இப்போது அவரையே சுட்டது. அந்த மனிதனுக்கு ஆம்பூர், வேலூர் என்றால் வருஷத்துப் பாதிச் சாப்பாடு. தன் ஒரு பேரைச் சொல்லியிருந்தால் அது மிஞ்சியிருக்கும். ஷபீ அஹமது தோல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை மறைக்கத் தெரியாத மனிதர்; மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுண்ணாம்பு காரம் என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் வேலூருக்கு ரயில் ஏறினார். போனது அப்துல் வஹீத் சாயபு வீட்டுக்கு.

அப்துல் வஹீத் சாயபு பெரிய தோல் வியாபாரி. மெட்ராஸ் சட்டசபையில் மெம்பர். ஒல்லியான உடம்பு, நீளமான கோட்டு, சத்தம் போடாத பேச்சு. யாருக்கும் கெடுதல் செய்யாதவர், நல்லது செய்வதற்கு முன்னாலும் நன்றாக யோசிப்பவர். கேட்டதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஷபீ பாய், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. கச்சாத்தோல் ஒரு துண்டுகூட வரி கட்டாம வெளியே போகக்கூடாது, போனா நம்ம ஷாப்புக்குத் தோல் கெடைக்காதுன்னு நாம எல்லாரும் சேர்ந்துதானே வரியைக் கேட்டு வாங்கினோம்? நான் பேசினேன். கூட்டத்தில ஜாஸ்தி கை தட்டினது யாரு?"

ஷபீ அஹமதுதான். கை சிவக்கத் தட்டியது அவருக்கே ஞாபகம் இருந்தது.

"வரியை விடுங்க மெம்பர் சாயபு, அதை நான் கட்டறேன். பர்மிட்டைப் பத்திக் கேளுங்க. பாட்டு வாசிக்கிறவனை எல்லையில நிக்க வெச்சுத் திருடனைப் போல கேள்வி கேக்கறாங்க. ஒரு தடவை இல்லைன்னா ஆயுசுக்கும் இல்லையாம். ஏன்னு கேக்க ஒரு கோர்ட்டு கச்சேரி கெடையாது. இது இன்னா சட்டம்? சபையில எழுந்து கேளுங்க."

"சபையில பொது விஷயம்தான் பேசலாம். இது ஒரு பாண்டுக்காரன் விஷயம். அவனும் நம்ம பிரஜை இல்ல. எந்த முகத்தோட நான் எழுந்து நிப்பேன்? ஆம்பூர்லயே பாண்டு இருக்குதே, கல்யாணத்துக்கு அதை வெச்சுக்கோங்க. பேஜார் எதுக்கு?"

ஷபீ அஹமது எழுந்தார். "கல்யாணத்துக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். வழியெல்லாம் தனக்குத்தானே கத்திக்கொண்டு வந்தார். வண்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

வேறு பாண்டு வைக்கவில்லை. நசீமுன்னிசா சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் தூது அனுப்பினார்கள். கடைசியில் வஜீதாவே திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். "அப்பா சொல்றதுதான் சரி. சாச்சா இருக்க வேண்டிய எடத்தில இன்னொருத்தரை வெச்சா, அவர் வரவே வேணாம்னு நாமளும் சொன்ன மாதிரிதானே?" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. ஷபீ அஹமதுவுக்கு மகள் மேல் பெருமை பொங்கியது. அதையும் கத்தித்தான் வெளிப்படுத்தினார்.

கல்யாணத்தன்று மாலை மாப்பிள்ளையைக் குதிரை மேல் ஏற்றினார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வந்திருக்கிறவர்களில் யார் அந்தஸ்தில் பெரியவரோ அவர் மாப்பிள்ளையின் குதிரைக்குப் பக்கத்தில், லகானை ஒட்டி நடந்து வர வேண்டும். பெண் வீட்டு வாசற்படி வரும்வரை விலகக்கூடாது. விலகினால் மாப்பிள்ளைக்கு அவமரியாதை. அந்த இடம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. அப்துல் வஹீத் சாயபு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஷபீ அஹமதுவும் பெண்ணின் தகப்பன் என்ற முறையில் எதிர்கொண்டு வந்து அவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

ஊர்வலம் புறப்பட்டது. சத்தமே இல்லை. குதிரைக் குளம்பும் செருப்புகளும்தான் கேட்டன. காஸ் விளக்குக்காரர்கள் தோளில் விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நடந்தார்கள். பாண்டு இருந்தால் அவர்களும் தாளத்துக்கு நடப்பார்கள். இப்போது ஒவ்வொருவரும் ஒரு பக்கம் போனார்கள்.

முதல் வீட்டிலேயே ஆரம்பித்தது. வாசலில் நின்ற அத்தர் வியாபாரி, "இன்னா பாய், பாண்டு எங்க?" என்றார்.

ஷபீ அஹமது சொல்லத்தான் வாயெடுத்தார். சொன்னால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. "மெம்பர் சாயபுவைக் கேளுங்க" என்றார்.

அத்தர் வியாபாரி மெம்பரைக் கேட்டார். மெம்பர் விஷயத்தைச் சொன்னார்: இப்படி இப்படி, பர்மிட் கிடைக்கவில்லை. "அடடா" என்றார் அத்தர் வியாபாரி.

அடுத்த வீட்டில் கேட்டார்கள். அதற்கடுத்த வீட்டிலும் கேட்டார்கள். அந்தத் தெரு நீளமான தெரு. மாடியில் மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து பெண்கள் குரல்கள் கேட்டன: "பாண்டு எங்க? புதுச்சேரிக்காரர் எங்க?" ஷபீ அஹமது தலையைத் தூக்கி, "மெம்பர் சாயபு சொல்லுவாரு" என்றார். கண்ணுக்குத் தெரியாத பெண்களுக்கு அப்துல் வஹீத் சாயபு மாடியைப் பார்த்து அந்நியர் பர்மிட் விதிகளை விளக்கினார். டீக்கடையில் விளக்கினார். வளையல் கடையில் விளக்கினார். விலகிப் போகவும் வழியில்லை, லகான் பக்கத்தில் கட்டுண்டு கிடந்தார். நெற்றி வேர்த்தது. விளக்கிச் சொல்லும்போதெல்லாம் அந்த உத்தரவு கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கே விளங்காமல் போய்க்கொண்டிருந்தது.

தெருக்கோடியில் தோல் ஷாப்புகளில் வேலை செய்கிற பெண்கள் கூடி நின்றார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் இருதயராஜின் மனைவி சவுரியம்மாள். அவர் மெம்பரின் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்க மாதா தேருக்கு வாசிச்சாரு, அம்மன் திருவிழாவுக்கு வாசிச்சாரு, உங்க ஊட்டு நிக்காஹ்வுக்கும் வாசிச்சாரு. அவரு எந்த ஊரு ராஜாவோட ஆளா இருந்தா எங்களுக்கு இன்னா? கல்யாணத்தில சொல்லக்கூடாது, அல்லா மன்னிக்கணும், மாதாவும் மன்னிக்கணும். எங்க சேரியில சாவுகூட மேளத்தோடதான் சாயபு போவுது."

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. கல்யாணத்தில் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு யாராவது சவுரியம்மாளை அதட்டியிருக்க வேண்டும். அதட்ட ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஷபீ அஹமதுவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இந்த முறை சுண்ணாம்பைச் சொல்ல இடமில்லை.

அப்துல் வஹீத் சாயபு தரையைப் பார்த்தபடி மீதித் தெருவை நடந்தார். நிக்காஹ் முடிந்தது. விருந்தில் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்த ஷபீ அஹமதுவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"என்னைத் தெரு முழுக்க நடக்க வெச்சு மகஜர் வாசிச்சிட்டீங்க" என்றார்.

"நான் வேணும்னு செய்யலை மெம்பர் சாயபு."

"அது எனக்குத் தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பேன்." சோற்றைப் பிசைந்தவர் கையை நிறுத்தினார். "நான் தப்பாச் சொல்லிட்டேன் பாய். இது ஒருத்தன் விஷயம் இல்ல. இந்தத் தெருவில ஒரு ஊடு பாக்கியில்லாம எல்லாருக்கும் அவன் விஷயம். இதைவிடப் பொது விஷயம் எனக்கு இன்னா வேணும்? ஆனா ஒண்ணு. முத்திரை யாருதுன்னு தெரியாம நான் பேசினா, மொதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும். நீங்க மெட்ராஸ் வந்து சுங்க இலாகா தொரை எதிர்ல சொல்லணும். அபராதம் போடுவான். வியாபாரிகள் சங்கத்தில பேரைக் கெடுத்துக்குவீங்க. கச்சாத்தோல் கடத்தினவன்னு நாலு வருஷத்துக்கு உங்க சரக்கைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாப்பான்."

"எப்போ வண்டி?" என்றார் ஷபீ அஹமது.

மெட்ராசில் அந்த வெள்ளைக்கார அதிகாரியின் அறை பெரியது, நாற்காலி இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஷபீ அஹமது முத்திரையைக் கையோடு கொண்டுபோயிருந்தார். மேசை மேல் வைத்து, இது என்னுடையது, தோலும் என்னுடையது, அந்த மனிதனுக்கு வரியைப் பற்றி எதுவும் தெரியாது என்றார். அப்துல் வஹீத் சாயபு இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: கடத்துகிறவன் யாராவது முத்திரை போட்டுக் கடத்துவானா, எதற்காகப் போட்டாய்?

"அவன் ஊரு ஊராப் போறவன் தொரை. அதைத் தட்டும்போதெல்லாம் என்னை நெனைக்கணும்னு போட்டேன்" என்றார் ஷபீ அஹமது.

மெம்பர் உடனே மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார். சபையில் மணிக்கணக்கில் இங்கிலீஷ் பேசுகிறவருக்கு அந்த ஒரு வாக்கியம் சட்டென்று வரவில்லை. பிறகு மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். அதிகாரி முத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். அபராதத்தையும் போட்டார், அதை மறக்கிற சாதியா அவர்கள்?

பிறகு சபை கூடியபோது அப்துல் வஹீத் சாயபு எழுந்து பேசினார். நம் கல்யாணத்துக்கும் தேருக்கும் வாசிக்க வருகிறவனை வரவிடாமல் தடுத்து சர்க்கார் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டார். பர்மிட்டை எடுத்துவிட வேண்டும் என்றார். சில மெம்பர்கள் சிரித்தார்கள். ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், காரைக்கால் நாகஸ்வரக்காரர்களுக்கும் இதே கதிதான் என்று சேர்ந்துகொண்டார். உத்தரவை எடுத்துவிட முடியாது என்றது சர்க்கார். ஆனால் இறங்கி வந்தது. இனி வாத்தியக்காரனுக்கு முன்கூட்டிப் பர்மிட் வேண்டாம். பழைய மறுப்புகளும் செல்லாது. வந்து இறங்கிய ஊரில் தனக்குத் தெரிந்த ஒருவர் பேரை அவன் தன் வாயால் போலீசாரிடம் சொல்ல வேண்டும். அந்த ஆள் நேரில் வந்து அவனுக்கு ஜாமீன் நிற்க வேண்டும். அவ்வளவு போதும் என்றது.

முழுச் சோறு இல்லைதான். பசித்தவனுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பின் வருகிற ஐந்து வெள்ளிக்கிழமைகளில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பார்கள். ஜும்மாகி என்று பேர். கடைசி ஜும்மாகியை மட்டும் ஷபீ அஹமது தள்ளிப்போட்டே வைத்திருந்தார். கடைசி ஜும்மாகிக்கு வந்தால் போதும், கல்யாணத்துக்கு வந்த மாதிரிதான் என்று ஷபீ அஹமது புதுச்சேரிக்குச் சொல்லி அனுப்பினார். பர்மிட் வேண்டாம், ரயில் ஏறினால் போதும் என்று மட்டும்தான் சொல்லி அனுப்பினார். மெட்ராசுக்குப் போனதையும், தான் சொன்னதையும், அபராதத்தையும் சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆம்பூர் ஸ்டேஷனில் அந்துவான் இறங்கினார். இளைத்திருந்தார்; டிரம் வயிற்றில் சரியாக உட்காரவில்லை. பின்னால் கிளாரினெட்டும் கார்னெட்டும் வரிசையாக நின்றன. பிளாட்பாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சீனிவாசன் கூப்பிட்டார். சற்றுத் தள்ளி ரோஜா மாலையோடு ஷபீ அஹமது நின்றார். அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, இருதயராஜ், அத்தர் வியாபாரி, தெருவில் பாதிப் பேர். விதிப்படி பேரைச் சொன்ன பிறகுதான் கிட்டே வரலாம் என்று சீனிவாசன் எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தார்.

"பேர், ஊர் சொல்லியாச்சு. இந்த ஊர்ல உனக்கு யாரைத் தெரியும்? பேரைச் சொல்லு."

காக்கிச் சட்டை, மேசை, பேனா, எல்லையில் கேட்ட அதே மாதிரிக் கேள்வி. அந்துவான் தலையை நிமிர்த்தினார். அவர் கண் ஷபீ அஹமதுவின் மேல் ஒரு நொடி நின்றது. உடனே அதை இழுத்துக்கொண்டு போய்த் தண்டவாளத்தின் மேல் வைத்தார்.

"யாரையும் தெரியாதுங்க" என்றார்.

சீனிவாசன் எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தார்.

"பொய் சொல்றான்!" ஷபீ அஹமது மாலையைத் தூக்கிக்கொண்டு, கான்ஸ்டபிளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "பச்சைப் பொய் சார்! என் ஊட்டு உப்பைத் துன்னவன் என்னைத் தெரியாதுன்றான்!"

"பாய், நீ எதுக்கு இங்க வந்தே, போ" என்று அந்துவான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "மாட்டிக்குவே. போய்டு."

"எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன்யா! மெட்ராஸ்ல தொரை எதிர்ல நின்னு சொல்லிட்டேன். அபராதமும் கட்டிட்டேன். இனிமே நீ மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல." கத்தத் தொடங்கிய குரல் பாதியில் கெஞ்சலாகிவிட்டது. "சொல்லு தோஸ்த். என் பேரைச் சொல்லு. வாயைத் தொறந்து ஒரு தரம் சொல்லு."

அந்துவான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரம்மைப் பிடித்திருந்த கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஷபீ அஹமது" என்றார்.

சீனிவாசன் எழுதிக்கொண்டார்.

"ஷபீ அஹமது" என்றார் அந்துவான் மறுபடியும்.

"ஒரு தரம் சொன்னா போதும்யா" என்றார் சீனிவாசன்.

அந்துவான் மூன்றாம் தரமும் சொன்னார்.